ஓடாத படம்

"அந்தத் தெருவைப் பட்டியல்ல இருந்து தூக்கிடும்மா" என்றார் மேலதிகாரி.

அவளுக்குச் சுருக்கென்றது. சாட்டிலைட் எடுத்த வெப்பப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, வெயிலில் எந்தத் தெரு முதலில் சுருண்டு விழும் என்று கணிக்கச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அந்தத் தெருவுக்குத்தான் அது முதலிடம் கொடுத்திருந்தது. பட்டியலில் இருந்தால்தான் நிழற்கூரை, மரம், குடிதண்ணீர் எல்லாம் கிடைக்கும்.

"போன கோடையில அங்கேயிருந்து ஒரு ஆள்கூட மயக்கம்னு ஆஸ்பத்திரிக்கு வரலை. உன் மெஷின் உளறுது."

"நேர்ல பார்த்துட்டு வந்துடறேன் சார்."

உச்சி வெயிலில் போய் இறங்கினாள். அப்பப்பா! தகரக் கூரைகள் அனலைக் கக்கின. மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. மனுஷ நடமாட்டமும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எங்கே அண்ணே?"

"தியேட்டர்லம்மா. நானும் அங்கேதான் கிளம்பறேன்."

பட்டப்பகலில் சினிமாவா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்காகவா இத்தனை மல்லுக்கு நின்றோம்?

"தியேட்டர் முதலாளிக்குப் படம் பார்த்து எடுக்கத் தெரியாதும்மா. கோடை வந்தா போதும், யாராவது ஒரு டப்பா படத்தை அவர் தலையில கட்டிடுவாங்க. மேட்னிக்கு ஈ காக்கா வராது. 'காலி சீட்டைப் பார்த்தா வயிறு எரியுது, சும்மாவாவது வந்து உட்காருங்கப்பா'ன்னு கெஞ்சினாரு. பாவம், அவருக்காகத்தான் போறோம்."

அவளும் பின்னாலேயே போனாள்.

உள்ளே ஜில்லென்று ஏசி. திரையில் கதாநாயகன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கேட்கத்தான் ஆளில்லை. கொத்தனார், நிறைமாதக் கர்ப்பிணி, வயசானவர்கள், மடியில் குழந்தையோடு தாய், எல்லோரும் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம்.

வெளியே வந்து போன் போட்டாள்.

"சார், மெஷின் உளறலை. இங்கே ஒரு தியேட்டர் ஏசிதான் இவங்களைக் காப்பாத்திட்டு இருக்கு. தியேட்டரை மூடினா அத்தனை பேரும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாங்க."



"சரி, தெரு பட்டியல்லேயே இருக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்று திரும்பினாள். தியேட்டர் முதலாளி நின்றிருந்தார். சட்டைக் காலர் நைந்து போயிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். அடுத்த வருஷமாவது விசாரிச்சு ஒரு நல்ல படமா எடுத்துப் போடுங்க. நாலு காசு பார்க்கலாமே?"

அவர் பதறிப்போய்த் தியேட்டர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசும்மா. சும்மா கூப்பிட்டா வரமாட்டாங்க, ரோஷக்காரங்க. எந்தப் படம் ஓடாதுன்னு தேடித் தேடித்தான் எடுக்கிறேன். நல்ல படம் போட்டா, டிக்கெட் எடுத்தவன் சீட்டு கேட்டு வந்து நிப்பானே... இதுல யாரைம்மா எழுப்பறது?"