மௌனத்தில் முதலிடம்

காட்டு வழியே மௌன யாத்திரை கூட்டிப்போகிற குருவுக்கு அன்று ஒரே பெருமை. மற்றவர்கள் மரத்துக்கு மரம் நின்று கிசுகிசுத்தார்கள். கூட்டத்தில் ஒரு கணவன் மனைவி மட்டும் வாயே திறக்கவில்லை. ஓடையில் கணவர் வழுக்கி விழுந்தபோதுகூட மனைவி பேசாமல் தாண்டிப் போனார். இதல்லவா மௌனம் என்று குருவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

மலையுச்சியில் இருவரையும் எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"நடந்தா இவங்களை மாதிரி நடக்கணும். சரி, மௌனத்தை முடிச்சுக்கலாம். அம்மா, இந்தப் பக்குவம் எப்படி வந்துச்சு? நாலு வார்த்தை சொல்லுங்க."

அந்தம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில கிளம்பறப்ப அடுப்பை அணைச்சாரான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சாமி."

கணவரும் குருவைத்தான் பார்த்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு கடைசியா வந்தது அவதான்னு சொல்லுங்க சாமி."