போகிறேன் என்ற வசனம்

கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புதான் கிரேக்க அரண்மனை. பழைய நாடகத்தைச் செல்போனில் படமாக்கும் ஜெரால்டுக்கு மிச்சமிருப்பது கடைசிக் காட்சியும் கொஞ்சம் வெயிலும். சாகப்போகும் அரசி, அரசனிடம் "போகிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அரசனாக நிற்பவன், அரசியாக நடிக்கும் இசைவாணியின் சொந்தக் கணவன். நாளை துபாய்க்கு விமானம் ஏறுகிறான். அவள் மறுபடியும் "போயிட்டு வாரேன்" என்கிறாள். "ஏம்மா, சாகப்போறவ எப்படிம்மா திரும்பி வருவா?" ஜெரால்டு கத்துகிறான். "ஊருக்குக் கிளம்புற மனுசன்கிட்ட அந்தச் சொல்ல எப்படிண்ணே சொல்லுவேன்?" ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம் அவள் நெற்றியில் சரிகிறது. முந்திரி இலைகளில் இருந்த அந்திச் சிவப்பும் போய்விடுகிறது. ஜெரால்டு செல்போன் ஸ்டாண்டை மடக்கிப் பையில் திணித்து பைக்கை உதைக்கிறான். "போறேன்." அரசி பதறி ஓடிவந்து பைக்கை மறிக்கிறாள். "வாரேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே."