படுக்கைவாட்டா, நெட்டுக்குத்தா?

ஐந்தடிக்கு நாலடி குளியலறையில் மூன்று பேர் நிற்பதே பெரிய சாதனை. அதில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றால், நடுவில் நிற்கிற மூன்றாமவர் பாடு திண்டாட்டம்தான்.

"மேஸ்திரி, டைல்ஸைப் படுக்கைவாட்டுல ஒட்டினாத்தான் ரூம் அகலமாத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் பல் டாக்டரான மனைவி. 'அவர்', அதாவது புள்ளியியல் பேராசிரியரான கணவர், இரண்டு சாண் தள்ளிக் குழாயில் முதுகு இடிக்க நின்றிருந்தார்.

"நெட்டுக்குத்தா ஒட்டினாத்தான் உயரமாத் தெரியும்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க மேஸ்திரி."

மேஸ்திரி இடப்பக்கம் திரும்பிச் சொன்னார். வலப்பக்கம் திரும்பிச் சொன்னார். மூன்று நாளாக இதுதான் வேலை. கரண்டியில் இன்னும் ஈரமே படவில்லை.

முதல் நாள் பேராசிரியர் கட்டம் போட்ட தாளில் நாலு சுவரையும் வரைந்து, பார்க்கிறவர் கண் எந்தத் திசையில் ஓடும் என்று அம்புக்குறி போட்டு, அடிக்குறிப்பும் எழுதி நீட்டினார். இங்கே குளிக்கப் போகிறீர்களா, பரீட்சை எழுதப் போகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அதோடு நேர்ப்பேச்சு நின்றது. காபியில் சர்க்கரை குறைவு என்ற புகாரும், போட்டதே அதிகம் என்ற பதிலும் மேஸ்திரி வழியாகவே போய்வந்தன.

மேஸ்திரி விரல்விட்டு நாளை எண்ணினார். இன்று மதியத்துக்குள் முதல் வரிசை ஏறாவிட்டால் வெள்ளிக்குள் வேலை முடியாது. சனிக்கிழமை காலை அடுத்த வீட்டில் போய் நிற்காவிட்டால், மூன்று குளியலறை உள்ள அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தப்பா நினைக்கலைன்னா நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலு டைல்ஸ். சேர்த்துத் தரையில் வைத்ததும் ஊதா நிறத்தில் ஒரு கடல் விரிந்தது. அதில் இரண்டு டால்பின்கள் துள்ளி, மூக்கோடு மூக்கு உரச, நடுவில் ஒரு சிவப்பு இதயம் மிதந்தது.

"இப்பத்தான் புதுசா வந்திருக்கு" என்று மேஸ்திரி துண்டாலேயே துடைத்தார். ஓரமெல்லாம் உதிர்ந்து, இடது டால்பினுக்கு மூக்கு பாதி தேய்ந்திருந்தது.

இதை நடுச் சுவரில் பதித்து, சுற்றிலும் உங்கள் வெள்ளை டைல்ஸைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டினால் அலை அடிக்கிற மாதிரியே இருக்கும், குளிக்கிறவர்களுக்கு நடுக்கடலில் நிற்கிற நினைப்பு வரும் என்று விளக்கினார்.

மூன்று நாளில் முதல் முறையாகக் கணவனும் மனைவியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க..."

"புரியுது."

மேஸ்திரியைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே விட்டுக்கொடுக்கிற போட்டி நடந்தது. நெட்டுக்குத்தாகவே ஒட்டிவிடலாம், உயரமாக இருக்கும் என்றார் மனைவி. அகலம்தான் முக்கியம், படுக்கைவாட்டுதான் என்று ஒற்றைக்காலில் நின்றார் கணவர். அந்த அறையில் இரண்டு காலையும் வைத்து நிற்க இடமும் இல்லை.

கதவு திறந்தது. தீர்ப்பு, படுக்கைவாட்டு. பேராசிரியர் அழகுணர்ச்சியைப் பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். ரசனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதற்காக மனசு விட்டுவிடக் கூடாது என்று டாக்டர், வலிக்காமல் பல் பிடுங்குகிற குரலில் ஆறுதல் சொன்னார். குழாய்க்கு மேலே ஒரே ஒரு டால்பினாவது என்று இழுத்த மேஸ்திரியை இருவரும் சேர்ந்தே மடக்கினார்கள்.

மேஸ்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டைல்ஸைத் துண்டில் சுற்றினார்.

"பாவம், ஆசையா எடுத்துட்டு வந்தாரு" என்றார் மனைவி.

"நாம ஒத்துமையா இருந்ததால தப்பிச்சோம்" என்றார் கணவர்.

பின்வாசலில் மேஸ்திரி சிமென்ட் குழைக்க உட்கார்ந்தபோது, சனிக்கிழமை வீட்டுக்குச் சுவர் அளக்கப் போயிருந்த கூட்டாளியிடமிருந்து போன் வந்தது.

"இங்கே ஆச்சுப்பா" என்றார் மேஸ்திரி. "அங்கே புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறாங்களா, இல்ல டால்பினை எடுத்துட்டு வரட்டுமா?"