பிரித்த மடிப்பு

டெய்லரக்கா கத்தரிக்கோலைத் திறந்தாள். மூட முடியவில்லை.

மேஜையில் இளநீலத் துணி இரண்டாக மடிந்து கிடந்தது. எப்போதும் அப்படித்தான் போடுவாள். மடித்துப் போட்டு ஒரு தடவை வெட்டினால் இடமும் வலமும் அச்சு மாறாமல் வந்துவிடும்.

இருபத்திரண்டு வருடத் தொழில். தெருவில் பாதிப் பேர் அவள் வெட்டிய சட்டையில்தான் நடமாடினார்கள். அரட்டை அடித்துக்கொண்டே வெட்டுவாள். கை பிசகியதில்லை.

இப்போது கத்தரியை மூடக்கூட முடியவில்லை.

மூன்று மாதமாக இதே பாடு. கடையைத் திறப்பாள், துணியைப் போடுவாள், சாக்கட்டியை எடுப்பாள். கோடு போடாமலே கீழே வைத்துவிடுவாள். வெட்டுகிற வேலையெல்லாம் நாத்தனார் தலையில் விழுந்தது.

கையில் இன்னும் பலம் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

பலமெல்லாம் வந்துவிட்டது. பயம்தான் போகவில்லை.

ஆணியில் காகித மாதிரிகள் கொத்தாகத் தொங்கின. ஒல்லிக்கு, பருமனுக்கு, கூன் விழுந்தவர்களுக்குக்கூட ஒன்று. காலையிலிருந்து இரண்டு தடவை புரட்டிவிட்டாள். இந்தச் சட்டைக்கு மாதிரி இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

“கை வலிச்சா வெச்சிடுங்க அண்ணி. நான் வெட்டறேன்,” என்றாள் நாத்தனார், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

டெய்லரக்கா துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்றைக்கும் விட்டால் இனி எப்போதுமே இல்லை. அந்த நினைப்பு அதைவிடப் பயமாக இருந்தது.

கத்தரியைக் கீழே வைத்தாள். மடிப்பைப் பிரித்தாள். துணியை ஒற்றையாக, மேஜை நிறைய விரித்தாள்.

வலது பக்கம் கோடு தானாக ஓடியது. இடது பக்கம் வந்ததும் சாக்கட்டி நின்றது.

கண்ணை மூடிக்கொண்டாள். டேப் வேண்டியிருக்கவில்லை. அளவு மனப்பாடம்.

இடது பக்கத்தில், மடித்துத் தைக்கிற பிடிப்பே வைக்காமல் தட்டையாக ஒரு கோடு இழுத்தாள். உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ள ஒரு பை வரைந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு விரலால் தேய்த்து அழித்தாள்.

வெட்டினாள். கடைசி வெட்டு வரை பயம் கூடவேதான் இருந்தது.

மிஷின் சத்தம் நின்றது. நாத்தனார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐயையோ, ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் ஒரு மாதிரி வெட்டிட்டீங்களே! யாரோட துணி இது?”

டெய்லரக்கா வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்த பிறகு, கண்ணாடி முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை.

துணியைத் தன் மேல் வைத்துப் பார்த்தாள்.

“சரியாத்தான் வெட்டியிருக்கேன்டி,” என்றாள்.