கணக்கு வகுப்பின் சத்தம்

லிங்கராஜபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியில் தலைமையாசிரியர்களுக்குக் கணக்குப் பயிற்சி நடக்கிறது. ஜன்னல் வெயில் மேசையில் கிடக்கும் காகிதத் துண்டுகள்மேல் விழுகிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் தலைமையாசிரியை பியாட்ரிஸ் மிஸ்ஸின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. வராந்தாவில் நடக்கும்போது உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. அவருக்கு அதுதான் நல்ல வகுப்பு. பிள்ளைகளைக் காகிதம் மடிக்கவிட்டுக் கூச்சல் போட வைக்கிற தன் பள்ளிக்கூடத்துக் கேரல் டீச்சரிடமிருந்து வருகிற திங்கட்கிழமை கணக்குப் பாடத்தையே பிடுங்கிவிடுவதாக இருக்கிறார். இப்போது அவருக்கே ஒரு கேள்வி: அரையைக் காலால் வகுத்தால் எவ்வளவு? "வகுத்தா குறையணும் மிஸ், அரையைவிடச் சின்னதாத்தான் வரும்," என்று எதிரில் இருக்கும் மல்லேஸ்வரத்துத் தலைமையாசிரியர் சந்திரசேகரன் மேசையைத் தட்டுகிறார். "சும்மா இருங்க சார், இதையே சொல்லிச் சொல்லித்தான் புள்ளைங்களைக் கெடுத்தோம்!" என்ற பியாட்ரிஸ் அரைக் காகிதத்தின்மேல் கால் துண்டு ஒன்றை வைக்கிறார். பக்கத்தில் இன்னொன்று. அரை முழுசாக மூடிக்கொள்கிறது. "ரெண்டு! ரெண்டு கால் உள்ள போவுது, பாருங்க!" அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி தடாலென்று சாய்கிறது. மற்ற மேசைகளிலும் இதே ரகளைதான். கதவு திறக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் உதட்டில் விரல் வைத்தபடி நிற்கிறார். "ஸ்வல்ப மெதுவா. கீழ கிளாஸ் நடக்குது." கேரல் வகுப்பு வாசலில் பியாட்ரிஸ் தினமும் வைக்கிற அதே விரல். பியாட்ரிஸுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. "இங்கயும் கிளாஸ்தான் சிஸ்டர். இது என்ன சத்தம்? எங்க கேரல் டீச்சரோட கணக்கு கிளாஸை வந்து கேளுங்க, திங்கட்கிழமை!"