நாலு மணி டியூஷன்

“இந்த முறையும் பவர் கூடியிருந்தா அந்த டொக்டரிட முகத்தில என்னெண்டு முழிக்கிறது?”

கண் கிளினிக்கில் வந்து உட்கார்ந்ததிலிருந்து துஷ்யந்தி இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீர் கொஞ்சம் பேசாமல் இரும். பிள்ளை பயப்படப்போறாள்” என்றான் கணவன் சாந்தகுமார், கையிலிருந்த போனைப் பார்த்தபடி.

பிள்ளைக்கு, அதாவது நாலாம் வகுப்பு மிதுஷாவுக்கு, பயமொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிய ஆட்டில் சப்பாத்திலிருந்த மணல் பளிங்குத் தரையில் கொட்டியது.

“ஐயோ, இஞ்சயும் மண்ணோ! உந்த டியூஷன் ஒழுங்கையில மாடி பிளட்ஸ் கட்டி எப்பதான் முடிக்கப்போறாங்களோ?”

“வெள்ளவத்தையில அது முடியிற காரியமே?” என்றான் சாந்தகுமார்.

கரும்பலகை தெரியவில்லை என்று மிதுஷாவுக்கு முதலில் கண்ணாடி போட்டார்கள். அடுத்த முறை காட்டியபோது பவர் கூடியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் கூடியிருந்தது. “சின்ன வயசில இப்படி ஏறிக்கிட்டே போனா நல்லதில்ல. ராவில துளி மருந்து விடுங்க. பகல் வெளிச்சத்தில தினமும் ரெண்டு மணித்தியாலம் வெளியில விளையாட விடுங்க” என்று டொக்டர் லுத்பியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

துளி மருந்தைத் துஷ்யந்தி ஒரு இரவும் தவறவிடவில்லை. மகள் படம் பார்க்கும் டெப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆனால் விளையாட்டுக்கு எங்கே போவது? அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு எழும்பினால் நாலு மணிக்கு டியூஷன். புடைவைக் கடையில் கணக்கு வேலை முடித்து அவள் வீடு வர இருட்டிவிடும். துறைமுகத்தில் காலை ஷிப்ட் பார்க்கும் சாந்தகுமார்தான் மகளை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்குவான்.

“டியூஷனை நிப்பாட்டுவமே?” என்று அவன் ஒரே ஒரு தரம் கேட்டுப் பார்த்தான். அன்றைக்குத் துஷ்யந்தி போட்ட சத்தத்தில் கீழ் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அதோடு அவன் அந்தக் கதையையே விட்டுவிட்டான். போன தவணை மகள் வகுப்பில் மூன்றாம் பிள்ளையாக வந்தபோது, “பாத்தீங்களே டியூஷனிட அருமையை!” என்று அவள் பூரித்ததற்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

“மிதுஷா சாந்தகுமார்!”

உள்ளே மெஷினில் முகநாடியை வைக்கச் சொல்லி, ஒரு கண், மறு கண் என்று அளந்தார்கள். டொக்டர் லுத்பியா பழைய கணக்கையும் புதிய கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் அளந்தார்.

“துளி மருந்து விடுறீங்களா?”

“ஓம் டொக்டர், ஒரு நாளும் தவறினதில்ல.”

“வெளியில விளையாட விடுறீங்களா?”

இல்லை என்று சொல்லத் துஷ்யந்திக்கு நாக்கு எழவில்லை.

“ஓம் டொக்டர். ஒவ்வொரு நாளும் பின்னேரம்... கடற்கரைக்கு. இவர்தான் கூட்டிக்கொண்டு போறவர்.”

மிதுஷா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். சாந்தகுமாரின் போன் கைதவறித் தரையில் விழுந்தது. துஷ்யந்தி மேசைக்குக் கீழே மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடுவார்கள் போலிருந்தது.

டொக்டர் நிமிர்ந்து சிரித்தார்.

“அதுதான் பார்த்தேன். பவர் கொஞ்சமும் கூடல்ல. கண்முழி நீண்டாத்தான் பவர் ஏறும், அந்த நீளமும் போன முறை இருந்த மாதிரியே இருக்கு. இன்னும் சில வருசம் கவனமா இருக்கணும், ஆனா இப்படியே போனா எனக்குப் பயமில்ல. எத்தனை பேருக்குச் சொல்றேன், டியூஷன் டியூஷன் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. நீங்க கேட்டிருக்கீங்க. நல்ல உம்மா!”

பஸ்கள் இரையும் காலி வீதிக்கு வந்ததும் துஷ்யந்தி கிளினிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் அம்மாவென்று டொக்டர் தன் வழக்கில் சொன்ன அந்த ‘நல்ல உம்மா’தான் சுருக்கென்று குத்தியது.

“மருந்து மட்டுமே இந்த முறை பிள்ளையைக் காப்பாத்திப்போட்டுது. நான் அந்த மனுசியிட்டப் பச்சைப் பொய் சொல்லிப்போட்டன்” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “நீங்கள் அண்டைக்குச் சொல்லேக்க நான் கேட்டிருக்க வேணும். போதும். அந்த நாலு மணி டியூஷனை நாளையோட நிப்பாட்டுறம்!”

சாந்தகுமார் போற வாற பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மிதுஷாவின் முகம்தான் வாடிப்போய்விட்டது. அப்பாவின் சேர்ட்டைப் பிடித்திழுத்து, அம்மாவுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் அவன் காதுக்குள் சொன்னாள்.

“அப்பா, டியூஷனை நிப்பாட்டினா, இனி அம்மாட்ட என்னெண்டு சொல்லிப்போட்டு நாங்கள் கடற்கரைக்குப் போறது?”