காலையில் போட்ட தார்

ஜானவி கொண்டுவந்த தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்தான் சைக்கிள் கடைக்காரன் லிஜோ. விரலில் தார் ஒட்டியது.

"கரமனை ரோட்டுல இன்னைக்குக் காலைல போட்ட தாராக்கும். சார் அதுக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சாச்சா?"

"அடிச்சிருப்பார். எங்காத்துக்காரருக்கு வேகம்தான் உசிரு. ஆனா குழியில கிழியாம, மழையில வழுக்காம இருக்கணும்."

லிஜோ சற்று அகலமான டயரை எடுத்தான். "இருபத்தெட்டு எம்.எம். வேகமும் குறையாது, சீக்கிரம் தேயவும் செய்யாது. சாரைக் கூட்டிட்டு வாங்க, வெயிட் பார்த்துக் காத்தடிச்சுத் தரேன்."

"அவர் போன மழைக்காலத்துல சைக்கிள் வழுக்கி விழுந்துதான் போய்ச் சேர்ந்தார்," என்றாள் ஜானவி. "அன்னிலேருந்து சைக்கிள் சுவத்துலதான் தொங்கறது. டயர் மட்டும் மாசாமாசம் தேயறது. மறுபடியும் அவர் விழுந்துடப்படாது."

லிஜோ விரலைப் பார்த்தான். தார் இன்னும் ஈரமாக இருந்தது.